முதல் வலையைப் பார்

1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் போனது. பற்றரி, உரம், சவர்க்காரம் என்று தடைப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. யப்பான் கார் வைத்திருந்தவர்கள் அதைக் கல்லில் ஏற்றிச் சாக்குப் போர்த்தி, கோழி அடைகாக்க விட்டுவிட்டார்கள். தெருவில் ஓடியவை அவற்றுக்கு முந்திய தலைமுறைக் கார்கள்: ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். அவை மண்ணெண்ணெயில் ஓடின.

என் தாய்மாமனிடம் ஓர் ஏ40 சமர்செற் இருந்தது. நெல்லியடிச் சந்தியில் அதை வைத்து ஹயர் ஓடினார். 1952க்கும் 1954க்கும் இடையில் இங்கிலாந்தில் செய்த ரகம். 1200 சிசி எஞ்சின், அமுக்க விகிதம் 7.2 மட்டுமே. அமுக்கம் கூடிய எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் அது நேரம் தப்பிப் பற்றி, உள்ளே இடிக்கத் தொடங்கும். மாமாவின் காருக்கு அந்த அளவு பலமில்லை. பலமில்லாததால்தான் அது பிழைத்தது.

நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த பையன். வளவுக்குள் கார் நின்றால் பக்கத்தில் நான் நிற்பேன். குறடு எடுத்துக் கொடுப்பது, சீலை பிடிப்பது, ஹாண்டில் சுத்துவது என்று தொடங்கி, கொஞ்சக் காலத்தில் சில வேலைகள் என் பொறுப்பாகவே வந்துவிட்டன. அவற்றில் முதலாவது, எண்ணெய் வடிக்கும் வலை.

மண்ணெண்ணெயில் கார் ஓடியது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் தாங்கிக்குள் ஊற்றியதும் ஓடியது என்று நினைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஸ்ராட் ஆகாது. பெற்றோல் சாதாரண வெயிலிலேயே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெயிலிருந்து தீப்பற்றக்கூடிய அளவு ஆவி எழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். ஆகவே தொடக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் தேவை. மாமா அதை மருந்துப் போத்தல் ஒன்றில் வைத்து, அலுமாரியில் மாமியின் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் பூட்டி வைத்திருந்தார். ஊசி போடும் சிரிஞ்சால் காபரேற்றர் வாயில் கொஞ்சம் விடுவார். பற்றரிக்கு ஸ்ராட்டரைச் சுத்தப் பலமில்லை, பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்க மட்டும் அதில் உயிர் இருந்தது. ஆகவே முன்னுக்குப் போய் ஹாண்டிலைச் சுத்த வேண்டும். எஞ்சின் பிடித்து, வெள்ளைப் புகை வளவை மூடி, எல்லாருடைய கண்ணும் எரிந்த பிறகு கார் மண்ணெண்ணெயில் மெல்ல நிதானத்துக்கு வரும்.

இது எங்கள் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல. பிரித்தானியாவில் பேர்கசன் உழவு இயந்திரங்கள் சில இப்படித்தான், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயை ஒத்த மலிவு எண்ணெயில் ஓடின. வித்தியாசம் என்னவென்றால் அவற்றின் எஞ்சினை அதற்கென்றே அமுக்கம் குறைத்துச் செய்திருந்தார்கள். எங்கள் கார்களுக்கு அந்தச் சலுகை இல்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங்குகளைத் தாண்டி அடியில் இருக்கும் ஒயிலுக்குள் இறங்கும். மற்றக் கார்களில் ஓட ஓட ஒயில் குறையும். மாமாவின் காரில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தால் ஒயில் கூடியிருக்கும். விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்து, வழுவழுப்புப் போய்விட்டது என்றால் அதை மாற்றியாக வேண்டும். ஒயிலுக்கு எங்கே போவது என்பது வேறு கதை.

எங்களுக்குத் தலையிடியாக இருந்தது மண்ணெண்ணெயோடு சேர்ந்து வந்த அழுக்கு. பங்கீட்டு அட்டைக்குச் சங்கக்கடையில் கிடைத்தது கொஞ்சம். அது விளக்குக்கும் அடுப்புக்குமே காணாது. மிச்சம் தெருவோரத்தில் போத்தல் கணக்கில் விற்றது. ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் மூடியிருந்த காலத்தில் அது வன்னியிலிருந்து கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் வந்தது. அங்கிருந்து பிளாஸ்ரிக் கான்களில், சைக்கிள் கரியரில், கொடிகாமம் தாண்டி வந்தது. பரலில் துரு. வள்ளத்தில் உப்புத் தண்ணீர். தெருவில் மணல். கை மாறிய இடமெல்லாம் எண்ணெய்க்குள் ஏதோ ஒன்று சேர்ந்தது. எங்கள் காரின் தாங்கிக்குள் வந்து விழும்போது அது எத்தனை கைகளைக் கண்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வலைக்குத் தெரிந்திருந்தது.

அழுக்கு அடைக்கும்போது கார் உடனே நின்றுவிடாது. அதுதான் ஆளை ஏமாற்றும். ஒழுங்கைக்குள் நன்றாக ஓடும். சந்தியில் நின்றால் எஞ்சின் அமைதியாகச் சுற்றும். எங்கள் ஊரில் மேடு பள்ளம் இல்லை, ஆனால் வல்லைவெளி இருக்கிறது. மரம், வீடு, வேலி ஒன்றும் இல்லாத அந்த வெளியில் சோளகக் காற்று அடிக்கும்போது சைக்கிள்காரர் இறங்கி உருட்டுவார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்தக் காற்றுக்கு எதிரே போகும்போது எஞ்சினுக்கு எண்ணெய் கூடத் தேவைப்படும். அப்போதுதான் கார் திக்கும். கால் அழுத்த அழுத்த வேகம் குறையும். ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் நின்றால், காபரேற்றரின் குண்டுக்குள் எண்ணெய் மெல்ல ஊறி நிறைந்துவிடும். மறுபடி எடுத்தால் கொஞ்சத் தூரம் நன்றாக ஓடி, மறுபடி திக்கும்.

இந்த அடையாளத்தைக் கண்டவர்கள் பெரும்பாலும் பிளக்கைத் திட்டினார்கள், பொயின்றைத் திட்டினார்கள், காபரேற்றரைப் பிரித்துப் போட்டார்கள். மாமாவின் ஒழுங்கு வேறு.

“முதல் வலையைப் பார் தம்பி. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.”

அந்தக் காரில் பில்ட்டர் என்று தனியாக ஒரு டப்பா கிடையாது. தாங்கி பின்னுக்கு இருக்கிறது. அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் காரின் அடியால் எஞ்சினுக்கு வருகிறது. எஞ்சினோடு ஒட்டி, அதன் சுழற்சியிலேயே அசையும் ஒரு சிறிய பம்ப். எண்ணெயை உறிஞ்சிக் காபரேற்றருக்குத் தள்ளுவது அது. வலை அந்தப் பம்பின் தலைக்குள் இருந்தது. தெரியாதவன் எஞ்சின் முழுவதையும் தேடினாலும் அகப்படாது. பக்கத்து ஒழுங்கையில் ஓர் ஆசிரியரிடம் மொரிஸ் மைனர் இருந்தது. அதில் மின்சாரப் பம்ப். எஞ்சினுக்கும் ஆள் இருக்கும் பகுதிக்கும் நடுவில் உள்ள தகட்டில் பூட்டியிருக்கும். சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என்று அடிக்கும். அதன் வலை பம்பின் அடியில், ஒரு பித்தளை மூடிக்குள். ஒரே ஊரில் செய்த இரண்டு கார்கள்போலத் தெரிந்தாலும் ஒன்றில் மேலே தேட வேண்டும், மற்றதில் கீழே. எந்தக் காரானாலும் தாங்கியிலிருந்து குழாயைக் கையால் தடவிக்கொண்டு வந்தால் போதும், அது எங்கேயாவது ஓரிடத்தில் வலையைக் காட்டிக்கொடுக்கும் என்பார் மாமா. காரின் அடியில் படுத்துத் தடவிப் பார்த்தே நான் அந்தப் பாடத்தைப் படித்தேன்.

வலையைக் கழற்றுவது காலையில், எஞ்சின் குளிர்ந்து கிடக்கும் நேரத்தில். மாமி அடுப்பு மூட்டும் முன். வாயில் சுருட்டோடு வளவுக்குள் வரும் விருந்தாளியை மாமா கேற்றிலேயே நிறுத்திவிடுவார். பம்பின் தலையைச் சுற்றி இருக்கும் ஒயில் களிம்பையும் புழுதியையும் முதலில் பழஞ்சீலையால் துடைக்க வேண்டும். துடைக்காமல் திறந்தால் வெளி அழுக்கு உள்ளே விழும், செய்த வேலைக்குப் பலன் இல்லை. தலையின் நடுவில் ஒரு போல்ட். அதன் கீழே சின்ன வாசர். மூடியைத் தூக்கினால் விளிம்பில் தக்கை வாசர். அதற்கும் கீழே, சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிதாக, பித்தளைக் கம்பியில் பின்னிய வலை.

வலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். நல்ல வலையில் வெளிச்சம் முழுதாக வரும். எங்கள் வலையில் ஓர் ஓரத்தில் மட்டும் பிறை அளவுக்கு வரும். மற்ற இடமெல்லாம் செம்மண் நிறத்தில் துருப்பொடி, சாக்கு நார், சிலவேளை பூச்சியின் இறகு. அதை ஊசியால் குத்தக் கூடாது. குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும், பிறகு அது வலை இல்லை. சிரட்டையில் சுத்தமான மண்ணெண்ணெய் விட்டு, தேய்ந்த பல் தூரிகையால் உள்ளேயிருந்து வெளியே மெல்லத் தட்ட வேண்டும். அழுக்குப் பிடித்த பக்கத்திலிருந்து தட்டினால் துரு இன்னும் ஆழமாகச் சொருகிக்கொள்ளும்.

வலைக்குக் கீழே உள்ள குழியில் துருவோடு தண்ணீர் கிடக்கும். மண்ணெண்ணெய் தண்ணீரைவிட இலேசு. ஆகவே தண்ணீர் எப்போதும் அடியில் நிற்கும், எண்ணெய்க்கு நடுவில் உருண்டை உருண்டையாக. சீலையால் ஒற்றி எடுத்தால் சீலை நனையும் விதத்திலேயே எது தண்ணீர், எது எண்ணெய் என்று தெரியும். வலை துருவைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. அதைத் தடுக்க ஒரே வழி, ஊற்றுவதற்கு முன் தெளிய வைப்பது. வாங்கிய மண்ணெண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் ஓர் இரவு அசையாமல் வைத்து, காலையில் மேலே இருப்பதை மட்டும் நாலாக மடித்த வேட்டித் துண்டால் வடித்து ஊற்றுவோம். அடியில் இரண்டு விரல் அளவு மிஞ்சுவதை வேறு போத்தலில் சேர்ப்போம். அதையும் எறிவதில்லை. அது மறுபடி தெளியும், குப்பி விளக்குக்குப் போகும்.

வலையை மறுபடி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் வாசரை மறந்துவிடுகிறார்கள். இந்தப் பம்ப் உறிஞ்சுகிற பம்ப். வலை இருக்கிற பக்கத்தில் வாசர் சரியாக இருக்காவிட்டால் எண்ணெய் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே போகும். வெளியே ஒரு துளி ஈரம்கூட இருக்காது, கார் மட்டும் பட்டினி கிடக்கும். தக்கை வாசர் காய்ந்து வெடித்தபோது புதியது வாங்கக் கடை இல்லை. ஊரில் பலபேர் சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டிப் போட்டார்கள். இயற்கை றப்பர் மண்ணெண்ணெயிலும் பெற்றோலிலும் ஊறிப் பெருக்கும், நெளியும், கடைசியில் களியாகும். மாமா செருப்புத் தைக்கிறவரிடம் மெல்லிய தோல் துண்டு வாங்கி வந்தார். மூடியைத் தோலின் மேல் வைத்து அழுத்தி, தடம் விழுந்த இடத்தில் கத்தரித்து, ஒயிலில் ஊறவைத்துப் போட்டார். அது நின்றது.

வலையும் வாசரும் சரியாக இருந்தும் கார் திக்கினால் அடுத்த சோதனை. காபரேற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, ஒருவர் ஹாண்டிலைச் சுத்த வேண்டும். பம்ப் நல்லதென்றால் எண்ணெய் விட்டு விட்டுப் பீச்சும். சும்மா வடிந்தால் கோளாறு பம்பிலோ அதற்குப் பின்னாலோ. பம்புக்கு வருகிற குழாயைக் கழற்றி, சைக்கிள் பம்பால் தாங்கிப் பக்கம் காற்றடிப்போம். தாங்கி மூடியைத் திறந்து காது வைத்தால் ‘கொளக் கொளக்’ என்று கேட்கும். கேட்டால் குழாய் திறந்துவிட்டது. இவ்வளவையும் செய்து பார்த்த பிறகுதான் காபரேற்றரில் கை வைக்க மாமா விடுவார். அந்தக் கட்டம் வரை போனது அபூர்வம்.

ஒருநாள் பின்னேரம் ஒழுங்கையின் கடைசி வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டது. கார் அன்று மத்தியானம்தான் வல்லைவெளியில் திக்கிவிட்டு வந்திருந்தது. மாமா ஆட்களிடம் பத்து நிமிடம் கேட்டார். நான் மூடியைத் திறந்து வலையைத் தட்டி மாட்டினேன், அவர் சிரிஞ்சோடு வந்தார். மந்திகை ஆசுபத்திரிக்குக் கார் திக்காமல் போனது. கூலி கேட்க வேண்டாம் என்று மாமி சொன்னா. “கேக்கேல்லை,” என்றார் மாமா, “ஒரு போத்தல் மண்ணெண்ணெய் தருவினம்.” தந்தார்கள். அதையும் ஓர் இரவு தெளிய வைத்துத்தான் ஊற்றினோம்.

2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தது. லொறிகளில் சாமான்கள் வந்தன. உதிரிப்பாகக் கடைகளில் கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்ரிக் பில்ட்டர்கள் தொங்கின. உள்ளே விசிறி மடிப்பாகக் காகிதம், இரண்டு பக்கமும் குழாய் மாட்டும் மூக்கு, உடம்பில் ஓர் அம்புக்குறி. விலை மிகக் கொஞ்சம். மாமா ஒன்றை வாங்கி வந்து என்னிடம் தந்தார்.

அதை எங்கே வைப்பது என்பதில் இரண்டு கட்சி இருந்தது. பம்புக்கும் காபரேற்றருக்கும் நடுவில் வைத்தால் மாற்றுவது சுகம், கண்ணுக்கு நேரே இருக்கும். ஆனால் அந்தப் பக்கம் எண்ணெய் தள்ளப்பட்டு வருகிறது. கிளிப் தளர்ந்தால் சூடான எஞ்சினின் மேல் பீச்சும். அங்கே புகைக்குழாயின் சூடும் பக்கத்தில். பம்புக்கு முன் வைத்தால் பம்பின் வால்வுகளுக்கும் காவல், தீப்பயமும் குறைவு. மாமா இரண்டாவது கட்சி. காரின் அடியில், சூடு படாத, கல் தெறிக்காத இடமாகப் பார்த்து இரும்புக் குழாயை வெட்டி, எண்ணெய் தாங்கும் றப்பர் குழாய் மாட்டி, அம்பு எஞ்சினைப் பார்க்க வைத்துப் பூட்டினோம். தாங்கி நிறைய இருந்தால் குழாயைக் கழற்றியதும் எண்ணெய் தானாக வடிந்துகொண்டே வரும். குழாயின் வாய்க்குள் இறுக்கமாக ஒரு போல்ட்டைச் செருகிவிட்டு ஆறுதலாக வேலை செய்யலாம். கிளிப்பை முறுக்கும்போது றப்பர் பிதுங்கும் வரை இறுக்கக் கூடாது. பிதுங்கிய இடம்தான் பிறகு வெடிக்கும்.

தாங்கிக்குள் பெற்றோல் மட்டும் விட்டு ஓடத் தொடங்கிய பிறகுதான் பழைய காலத்தின் கணக்கு வெளியே வந்தது. மண்ணெண்ணெய் விட்டுப்போன பிசினும் துருவும் பெற்றோலில் இளகி வந்தன. வெள்ளைக் காகிதம் கொஞ்ச நாளிலேயே தேயிலைச் சாயமாக மாறியது. மாற்றினோம். அடுத்ததும் மாறியது. பிறகு மெல்ல மெல்ல வெள்ளையாகவே நின்றது. மாமா முதுமையில் ஹயரை விட்ட பிறகு காரைப் பழைய கார் சேர்க்கும் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து வாங்கிப் போனார்.

2022 இல் நாட்டில் டொலர் தீர்ந்தது. இந்தத் தடவை குடாநாட்டுக்கு மட்டுமல்ல, முழு இலங்கைக்கும் பெற்றோல் இல்லை. யூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் என்று அறிவித்தார்கள். யூலையில் கியூஆர் அட்டை வந்தது. மண்ணெண்ணெய் பக்கமும் போக முடியாது. ஓகஸ்ரில் அது லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது, கடற்றொழிலாளர் வள்ளங்களைக் கரையில் ஏற்றினார்கள். கிடைத்த பெற்றோலைச் சனம் வீட்டில் கான்களில் சேர்த்தது. தேங்காயெண்ணெய்க் கான், தண்ணீர்க் கான், கழுவாத பூச்சிமருந்துக் கான்கூட. மறுபடி பல கைகள், மறுபடி அழுக்கு.

என் கூட்டாளி ஒருவரின் கொரொல்லா, 1990களில் வந்தது, வல்லைவெளியில் திக்கியது. கராச்சில் பம்ப் மாற்ற வேண்டும் என்றார்களாம். பெரிய தொகை. எங்கள் முற்றத்துக்குக் கொண்டு வரச் சொன்னேன். அந்தக் காரில் பில்ட்டர் எஞ்சின் அறையிலேயே இருக்கிறது, பின்தகட்டுப் பக்கமாக, கைப்பிடி அளவு இரும்பு டப்பா. தாங்கிக்குள் இருக்கும் மின்சாரப் பம்ப் அதற்கு எண்ணெயைப் பெரிய அமுக்கத்தில் அனுப்புகிறது. பெற்றோலை ஊசியால் தெளிக்கும் கார்களில் அது வளிமண்டல அமுக்கத்தின் மூன்று மடங்கு அளவு. ஆகவே மாமாவின் காரைப்போல நேரே கழற்றக் கூடாது. பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயைப் பிடுங்கி, எஞ்சினை ஓட விட்டோம். குழாயில் நின்றதைக் குடித்துவிட்டு அது தானாக நின்றது. பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றினோம். மேல் போல்ட்டைச் சீலையால் சுற்றிக்கொண்டு தளர்த்தினோம். அதன் இரண்டு பக்கமும் செப்பு வாசர்கள். பழையவை ஒருமுறை நசுங்கியவை, மறுபடி பிடிக்காது. புதியவை போட்டோம். கீழ்ப் போல்ட்டுக்கு இரண்டு ஸ்பானர், ஒன்று பிடிக்க, மற்றது திருப்ப. ஒன்றால் திருப்பினால் குழாய் முறுகிவிடும்.

கழற்றிய டப்பாவைத் தலைகீழாக வெள்ளைக் கோப்பைக்குள் கவிழ்த்தேன். எண்ணெய் வந்த பக்கத்திலிருந்து கறுப்புத் தூளும், அடியில் உருளும் தண்ணீரும் விழுந்தன. கூட்டாளி கோப்பையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “இவ்வளவும் என்ரை கானுக்குள்ளையே?” என்றார். புதியதைப் பூட்டி, எஞ்சினை எடுக்காமல் சாவியை மட்டும் பலமுறை போட்டு எடுத்து அமுக்கம் ஏற்றி, ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்து ஈரம் பார்த்த பிறகுதான் ஸ்ராட் பண்ணினோம். அந்தக் கார் இன்னும் பழைய பம்பிலேயே ஓடுகிறது.

இன்றைய கார்கள் பலவற்றில் பில்ட்டரைத் தாங்கிக்குள்ளேயே, பம்போடு சேர்த்து அடைத்துவிட்டார்கள். பின் ஆசனத்தைத் தூக்கி, தாங்கியையே திறந்துதான் எடுக்க வேண்டும். அதை வீட்டு முற்றத்தில் செய்யச் சொல்லி யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் காரில் அது எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது மாற்றியது என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். கராச்சில் பம்ப் என்று சொன்னால், பில்ட்டரைப் பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள். பழையதை உங்கள் முன்னால் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் மாற்றுகிறவர்கள் புதிய வாசர் இல்லாமல் தொடங்க வேண்டாம். எஞ்சின் ஆறட்டும், அடுப்பும் சுருட்டும் தள்ளி நிற்கட்டும். கானில் பெற்றோல் வாங்க நேர்ந்தால், எரிபொருளுக்கென்று செய்த கானில் வாங்கி, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து, தெளிய விட்டு, வலை வைத்த புனலால் ஊற்றுங்கள். அடியில் இருக்கும் கொஞ்சத்தைத் தாங்கிக்குள் சாய்க்காதீர்கள்.